நிவேதாவுக்காகச் சொன்ன பதில்

இந்த நாட்டில் ஒருவருக்கு முன்கூட்டியே வாழ்த்துச் சொல்லக் கூடாது. பிறந்தநாள் நாளைக்கு என்றால் இன்றைக்கு வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் கெடுதல் வரும் என்று, வேறு எதையும் லேசில் நம்பாத இந்தச் சனம் மனமார நம்புகிறது. டார்ம்ஸ்டாட்டில் இத்தனை வருடம் ட்ராம் ஓட்டியும் எனக்கு இது பிடிபடவில்லை. போன மாசியில் என் மகள் நிவேதாவைப் பல்கலைக்கழகத்தின் சிறப்புச் சங்கம் ஒன்றுக்குத் தெரிவுசெய்திருக்கிறார்கள் என்று அறிந்ததும், என் மனைவி பவானி பிடித்த லட்டுகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு டிப்போவுக்குப் போனேன். கூட வேலை செய்யும் ஊவே ஒன்றுக்கு இரண்டாக எடுத்து வாயில் போட்டான். நான் கையை நீட்டினேன். அவன் தன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். "விழா வைகாசியில்தானே? முடியட்டும், அப்போது கை தருகிறேன்" என்றான். எங்கள் ஊரில் பொறாமைப்பட்டால்தான் நாவூறு, இங்கே வாழ்த்தினாலே நாவூறு என்று நினைத்து அன்றைக்குச் சிரித்தேன்.

சங்கம் என்றதும் எனக்குக் கோயில் நிர்வாகசபைதான் ஞாபகம் வந்தது. பதவிக் கதிரைக்குச் சண்டை பிடிக்கிற இடம். நிவேதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அது அப்பிடியில்லை அப்பா. நல்லாப் படிக்கிற ஆக்களிலை கொஞ்சப் பேரை எடுப்பினம். சனிக்கிழமையளிலை அகதி முகாமிலை இருக்கிற பிள்ளையளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கவேணும். புதுசா வாற மாணவருக்கு ஆன்ட்ராக் படிவங்கள் நிரப்பிக் குடுக்கவேணும். வருசத்திலை ஒருக்கா விழா. மெழுகுதிரி கொளுத்தி, உறுதிமொழி எடுத்து, சட்டையிலை சங்கச் சின்னம் போட்ட ஒரு சின்ன ஊசி குத்துவினம்."

"சம்பளம்?"

"இல்லை."

"பிறகு வேலை ஏதும் தருவினமோ?"

"அதுவும் இல்லை."

"ஊசி குத்தவோ பிள்ளை இவ்வளவு படிச்சனி?" என்று கேட்டேன். "உங்களுக்குப் பெருமையை மறைக்கத் தெரியேல்லை அப்பா" என்று என் கன்னத்தில் தட்டிவிட்டுப் போனாள். உண்மைதான், எனக்குப் பெருமையில் தலை கால் தெரியவில்லை.

சித்திரையில் ஒரு காலை, சைக்கிளில் வகுப்புக்குப் போனவளை, வலப்பக்கம் திரும்பிய லொறி அடித்தது. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முன்னமே எல்லாம் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பொலிஸ்காரர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஃபோர்ஃபார்ட் உங்கள் மகளுக்குத்தான் இருந்தது" என்றார். முதலில் போகும் உரிமை அவளுக்கு என்று அர்த்தம். நான் பேசாமல் நிற்க, எனக்கு விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து இன்னொரு தரம் சொன்னார். ட்ராம் ஓட்டுகிறவனுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டுமா? பாவம், அந்த மனிதர் ஆறுதல்தான் சொன்னார். எனக்கோ அவரைப் பிடித்துத் தள்ள வேண்டும் போல இருந்தது. என் பிள்ளை பிழை விடவில்லை என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஊவே செத்தவீட்டில் வந்து கை தந்தான். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே பிடிவாதம், விழாவில் அவள் பெயரைத் தாண்டிப் போகக் கூடாது. இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் நான் உயர்தர வகுப்பில் படித்த வருடம், இரசாயனவியலில் முதலாவதாக வந்தவன் என் பக்கத்து மேசைக்காரன் சிவநேசன். பரிசளிப்பு விழாவுக்குச் சில கிழமைகளுக்கு முன் அவனை இராணுவச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. விழாவில் இராணுவ அதிகாரி ஒருவர் முன்வரிசையில் விருந்தினராக இருந்தார். பள்ளிக்கூட அதிபர் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தார். இரசாயனவியல் என்றார், ஒருதரம் தொண்டையைச் செருமினார், நேராக "இரண்டாம் பரிசு" என்றார். சிவநேசனின் தாய் விழாவுக்கென்று உடுத்திய சேலையோடு கடைசிவரை இருந்துவிட்டு எழும்பிப் போனார். அந்த அதிபரையும் நான் குறை சொல்லமாட்டேன், அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் பின்னர் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கி, ஒரு ஜெர்மன் அதிகாரி என் பெயரைப் பிழை பிழையாக எழுதியபோது எனக்குக் கோபம் வரவில்லை. பிழையோ சரியோ, பெயரை எழுதுகிற நாடு என்று சந்தோசப்பட்டேன்.

சங்கத்தின் தலைவி யோஹன்னா ஒரு ஞாயிறு பின்னேரம் வீட்டுக்கு வந்தாள். நிவேதாவோடு படித்த பிள்ளை. பவானிக்கு மொழிபெயர்க்க வசதியாக இருக்கட்டும் என்று கோயம்புத்தூர்க்காரன் கார்த்திக்கையும் கூட்டி வந்திருந்தாள். அவனும் அந்தச் சங்கத்தில்தான். யோஹன்னா அழுதுகொண்டே, ஆனால் ஒவ்வொன்றாகத் தெளிவாகச் சொன்னாள். மற்றவர்களின் பெயர்களோடு நிவேதாவின் பெயரையும் அதற்குரிய இடத்தில் வாசிப்பார்கள். கொஞ்ச நேரம் மௌனமாக இருப்பார்கள். சங்க ஏட்டின் நினைவுப் பக்கத்தில் அவள் பெயர் இருக்கும். உறுப்பினர் ஆக்க மட்டும் முடியாது.

"ஏன்?" என்றேன்.

"ரூல் அப்படி இருக்கு அங்கிள்" என்றான் கார்த்திக் தலையைக் குனிந்துகொண்டு. "உறுதிமொழியைப் படிச்சு, ஏத்துக்கிறீங்களான்னு கேப்பாங்க. அவங்களே எழுந்து 'யா', அதாவது ஆமான்னு சொன்னாத்தான் மெம்பர்."

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பவானி திரும்பினாள். "தம்பி, அந்தப் பிள்ளையிட்டைக் கேளுங்கோ. டொக்டரிட்டை, ஒபிசிலை, பாங்கிலை, எனக்கு நேரம் குறிச்சுப் போன டெர்மின் எத்தினை. எல்லா இடத்திலையும் எனக்காக அவள்தான் பதில் சொன்னவள். ஒருக்கா அவளுக்காக நான் சொல்ல ஏலாதோ?"

கார்த்திக் மொழிபெயர்க்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். யோஹன்னா கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். "லைடர் நைன்." துக்கத்தோடு இல்லை என்று சொல்வதற்கு இவர்களிடம் ஒரு தனிச்சொல் இருக்கிறது. போகும்போது வாசலில் நின்று, நிவேதாவின் பெயரை எப்படிச் சரியாக உச்சரிப்பது என்று கேட்டாள். பவானி சொல்லிக் கொடுத்தாள். 'நிஃபேட்டா' என்று தொடங்கியவள் சரியாக வரும்வரை விடவில்லை.

விழா ஒரு பழைய மண்டபத்தில் நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் கறுப்பு உடுப்பில் ஒரு பக்கமாக இருந்தார்கள். பெற்றோர் நாங்கள் எதிரே இருந்தோம். நடுவில் பெரிய மெழுகுதிரி. ஒரு வயதான பேராசிரியர் உறுதிமொழியை வாசித்தார்: உண்மையைத் தேடுவேன், அறிந்ததை ஒளிக்கமாட்டேன், பின்னால் வருபவர்க்குக் கை கொடுப்பேன். ஏற்கிறீர்களா என்று கேட்டு யோஹன்னா ஒவ்வொரு பெயராக அழைத்தாள். அழைக்கப்பட்டவர் எழுந்து "யா" என்றார், பெரிய திரியிலிருந்து தன் திரியைக் கொளுத்திக்கொண்டார், ஊசி குத்தினார்கள். எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு தகப்பன் எழும்பி நின்று மகனைப் படமெடுத்தான். எனக்கு அவன்மேல் பொறாமையாக இருந்தது. சொல்ல வெட்கமாகவும் இல்லை.

பிறகு "நிவேதா" என்றாள் யோஹன்னா, அட்சரம் பிசகாமல். மண்டபம் மௌனமானது. அந்த மௌனத்துக்குள் பவானி எழும்பி நின்றாள். நான் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுக்க நினைக்கும் முன்னமே சொல்லிவிட்டாள்.

"ஓம்."

உரத்து, தெளிவாக, தாய் பிள்ளைக்குப் பதில் சொல்கிற குரலில் சொன்னாள். ஆம் என்பதற்கு எங்களுக்கு வேறு சொல் ஏது? ஆனால் அந்த மண்டபத்தில் யாருக்கு அது தெரியும்? வயதான பேராசிரியர் இரண்டு கைகளையும் நெஞ்சில் கூப்பிக் கண்ணை மூடினார். பின்வரிசையில் யோகா வகுப்புக்குப் போகிற யாரோ ஒரு பெண் "ஓம்ம்ம்" என்று மெல்ல இழுத்தாள். அவளைத் தொடர்ந்து இன்னும் இரண்டு மூன்று பேர். என் மனைவி தன் பிள்ளைக்காகச் சொன்ன 'ஆம்' என்பதைப் பிடித்து மந்திரமாக்கிவிட்டார்கள். அவர்கள் எவ்வளவு மரியாதையோடு செய்தார்களோ அவ்வளவுக்கு எனக்கு எரிந்தது. எழும்பிக் கத்த வேண்டும் போல இருந்தது. பவானி ஒன்றையும் கவனிக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டவளாகக் கதிரையில் இருந்துகொண்டாள்.

விழா முடிந்து எல்லோரும் கிளாசும் கையுமாக நின்றபோது கார்த்திக் வந்தான். "ஆன்ட்டி ப்ரே பண்ணது எல்லாரையும் உலுக்கிடுச்சு அங்கிள்" என்றான்.

"அது பிரார்த்தனை இல்லையடா தம்பி. அவ 'ஆம்' எண்டு சொன்னவ."

ஈழத்துப் பேச்சு அவனுக்குக் கொஞ்சம் பழக்கம்தான். ஆனால் அந்த இடம், அந்த மெழுகுதிரி, அவனையும் ஏமாற்றிவிட்டது. போய் யோஹன்னாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவள் கையில், விழாவில் நடந்ததை எழுதி மேலிடத்துக்கு அனுப்பும் நிகழ்ச்சிக் குறிப்பு இருந்தது. நான் ஜெர்மனில் சொன்னேன்: "அது மந்திரம் அல்ல. ஓம் என்றால் யா. கேள்விக்குப் பதில் சொன்னாள்."

யோஹன்னாவின் முகம் வெளுத்தது. குறிப்பில் நிவேதாவின் பெயருக்கு நேரே விரலை வைத்தாள். "அது யா என்று எழுதினால், வேறொருவர் சொன்ன பதில் என்று மேலிடத்தில் வெட்டிவிடுவார்கள்" என்றாள். "தாயின் பிரார்த்தனை என்று எழுதினால் யாரும் கை வைக்கமாட்டார்கள். அவர் சொன்ன சொல் அப்படியே இருக்கும். எப்படி எழுதட்டும்? நீங்கள் சொல்லுங்கள்."

அந்தப் பிள்ளையில் பிழை இல்லை. சட்டம் போட்டவர்களிலும் பிழை சொல்ல எனக்குத் தெரியவில்லை. தூரத்தில் பவானி தோடம்பழச் சாறு கிளாசைப் பிடித்தபடி, குடிக்காமல், நிவேதாவின் சிநேகிதிகளின் சட்டையில் குத்தியிருந்த ஊசிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பிரார்த்தனை என்றே எழுதுங்கள்" என்றேன்.

திரும்பி வரும்போது நான் தினமும் ஓட்டுகிற அதே தடத்தில் பயணிகளாக இருந்தோம். ட்ராம் பல்கலைக்கழகத் தரிப்பிடத்தில் நின்று, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. பவானி யன்னல் பக்கம் இருந்தாள்.

"இஞ்சேருங்கோ" என்றாள். "நான் சொன்னதை அவை எழுதினவையோ?"

"ஓம்" என்றேன்.

அவள் பெருமூச்சு விட்டு, அன்றைக்கு முதன்முதலாக என் தோளில் சாய்ந்தாள். எதிர் இருக்கையில் இருந்த ஜெர்மன்காரி 'ஓம்' என்ற சொல்லைக் கேட்டு எங்களைப் பார்த்தாள். பிறகு ஏதோ ஒரு வழிபாட்டைக் குழப்பிவிடக் கூடாது என்பதுபோல மெல்ல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பவானிக்கும் அவளுக்கும் நடுவில், யாருக்கும் எதையும் திருத்திச் சொல்லாமல், வீடு வரும்வரை நான் இருந்தேன்.