சட்டி தொடாத பத்து நாள்

பத்து நாளைக்குச் சட்டி தொட மாட்டேன். போன கோடையில் பிரான்சுக்குப் போக நான் வைத்த நிபந்தனை அது ஒன்றுதான்.

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைக்கிறேன். பகலெல்லாம் ஊரார் பிள்ளைகளுக்கு அவித்துக் கொட்டிவிட்டு, மூன்றரைக்கு வீட்டுக்கு வந்து திரும்பவும் உலை வைக்க வேண்டும். சொந்தப் பிள்ளைகள் இரண்டு பேரும் வளர்ந்து தனியே போய்விட்டார்கள். உலை மட்டும் போகவில்லை. போன வருடம் வலது தோள் மேலே எழும்ப மறுத்தது. ஓய்வு கொடுங்கள் என்றார் டாக்டர். அதை யாரிடம் வாங்கிக் கொடுப்பது என்று அவர் சொல்லவில்லை.

"நீர் ஒண்டும் சமைக்க வேண்டாம். அங்க கிடைக்கிறதைச் சாப்பிடுவம்," என்றார் கணவர். முப்பது வருடம் கூட வாழ்ந்த மனிதர். நம்பினேன்.

நாங்கள் வாடகைக்கு எடுத்த வீடு தெற்கே ஒரு சின்னக் கிராமத்தில் இருந்தது. கல் வீடு, நீல மரக்கதவு வைத்த ஜன்னல்கள், பின்னால் ஒரு வால்நட் மரம். காலையில் பேக்கரிக்கு நடந்துபோய்ப் பாண் வாங்குவோம். சந்தையில் தக்காளி, ஆட்டுப்பால் சீஸ், மெலன் பழம். தக்காளியை வெட்டி உப்புத் தூவினேன். அதையும் சமையல் என்று யாராவது சொன்னால் அவர்களோடு எனக்குக் கதை இல்லை.

பிரான்ஸ் சாப்பாடு என்றதும் நாக்கு துள்ளியது என்று எழுத எனக்கும் ஆசைதான். முதல் இரண்டு நாளும் எனக்கு ஒன்றும் ருசிக்கவில்லை. தின்றேன், படுத்தேன், எழும்பினேன், தின்றேன். களைப்பு நாக்கிலும் ஏறி உட்காரும் போல. மூன்றாம் நாள் மத்தியானம் மரத்தடியில் ஒரு பீச் பழத்தைக் கடித்தபோது சாறு முழங்கை வரை வழிந்தது. அப்போதுதான், ஆ, இது இனிக்கிறதே என்று தெரிந்தது. கொஞ்சம் அழுகையும் வந்தது.

அன்று மாலையே கணவர் தொடங்கிவிட்டார். "எத்தனை நாளைக்கு இந்தப் பாணைத் தின்னுறது?" காரின் பின்பக்கத்தைத் திறந்து, போர்வைகளுக்கு அடியிலிருந்து ரைஸ் குக்கரை எடுத்தார். பிறகு அரிசி. பிறகு மிளகாய்த்தூள் போத்தல், கருவாடு, ஒரு பை கறிவேப்பிலை. சுங்கக்காரனிடம் மறைத்தாரோ இல்லையோ, என்னிடம் மறைத்து வந்திருக்கிறார். நம்மவர்கள் எந்த நாட்டுக்கு உல்லாசம் போனாலும் அடுப்பும் சட்டியுமாகக் குசினியையும் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். அதோடு அந்தக் குசினிக்குரிய ஆளையும்.

"சோறு மட்டும் போடும். வேற ஒண்டும் வேண்டாம்," என்றார். நான் போடவில்லை. குக்கர் மேசையில் சும்மா இருந்தது. இரண்டு நாளும் அதே பாணையும் தக்காளியையும்தான் தின்றோம்.

ஆறாம் நாள் இன்னொன்று வெளியே வந்தது. பாரிஸில் சொந்தம் இருக்க, பிரான்சுக்குள் சொல்லாமல் வந்து போவது எங்கள் ஆட்களிடம் செத்த வீட்டுக்குப் போகாததற்குச் சமம். கணவர் தன் தங்கைக்குச் சொல்லியிருந்தார். அன்று சனிக்கிழமை. காலையில் அந்த மச்சாள் இரண்டு கார் நிறையச் சனத்தோடு வந்து இறங்கினாள். பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் வாங்கிய ஆட்டிறைச்சி ஐஸ் பெட்டியில் வந்தது. "மச்சாள், உங்கட கைக்கறி தின்னத்தான் இவ்வளவு தூரம் வந்தனாங்கள்," என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் கொடுமை.

பழக்கதோஷம், கத்தியை எடுத்துவிட்டேன். முதல் வெங்காயத்தை வெட்டும்போதே தோள் பிடித்தது. கத்தியைக் கீழே வைத்தேன். "எனக்கு ஏலாது," என்றேன். முப்பது வருடத்தில் அந்தக் குடும்பத்துக்கு முன்னால் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. பின்கதவால் போய் மரத்தடியில் உட்கார்ந்தேன். ஒருவரும் பின்னால் வரவில்லை. அவமானமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

ஒரு மணி நேரம் போயிருக்கும். தூள் வறுபட்டு, இறைச்சி வதங்கி, பெருஞ்சீரகம் விழுந்த வாசம் வந்தது. பாவம் மச்சாள், விருந்துக்கு வந்தவளைச் சமைக்க விட்டேனே என்று உள்ளே போனேன். மச்சாள் கதிரையில் காலை நீட்டி இருந்தாள். அடுப்படியில் நின்றவர் என் கணவர். தோளில் துவாய், ஒரு கையில் அகப்பை. மூடியைத் திறந்து, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, உப்பை அளக்காமல் கிள்ளிப் போட்டார். அது ஒரு நாளில் வரும் கை அல்ல.

லண்டனுக்கு வர முன்னர் அவர் நாலு வருடம் பாரிஸில் இருந்தவர். ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவினேன் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்.

"கோப்பை கழுவினதோ?" மச்சாள் சிரித்தாள். "அண்ணைதான் றூமில கூட இருந்த எட்டுப் பேருக்கும் சமைக்கிறவர். அவற்ற இறைச்சிக் கறிக்கு அடிபடுவாங்கள். உங்களுக்குத் தெரியாதே மச்சாள்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இந்த மனிதர் சோற்றையே மறைத்திருக்கிறார்.

எல்லோரும் தின்று முடித்து மரத்தடிக்குப் போன பிறகு கேட்டேன். "ஏன் எனக்கு ஒரு நாளும் சொல்லேல்ல?"

அவர் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "நீர் கேக்கேல்லையே," என்றார்.

உண்மைதான். கலியாணம் கட்டி லண்டனுக்கு வந்து இறங்கிய மறுநாளே நானாகத்தான் குசினிக்குள் போனேன். பெண் என்றால் அதுதான் இடம் என்று நினைத்திருந்தேன். அவர் சத்தமில்லாமல் வெளியே வந்து கதிரையில் இருந்துவிட்டார்.

இப்போது கிழமையில் நாலு நாள் அவர்தான் சமைக்கிறார். தோள் பாதி சுகம். நன்றாகத்தான் சமைக்கிறார், ஒவ்வொரு பிடியும் ருசியாக இருக்கிறது. அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.