துரை வீட்டுக் கல்லறைக்கு நான் காவல்

கல்லறைக்குக் காவல் இருப்பதில் உள்ளே படுத்திருப்பவர்களால் ஒரு தொல்லையும் இல்லை; பார்க்க வருகிறவர்களிடம்தான் மாட்டிக்கொண்டு முழிக்க வேண்டும். ஆட்களோடு மாரடிக்கிற வேலை பார்ப்பவர்களுக்கு நான் சொல்லாமலே புரியும். இலங்கையில் பூனாகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தை உண்டாக்கிய வெள்ளைக்காரத் துரையின் குடும்பம் மேட்டில் புதைந்திருக்கிறது. காட்டை வெட்டியது எங்கள் ஆட்கள், போர்டில் இருப்பது துரை பெயர். அந்த மேட்டை மரபுரிமைச் சின்னமாக்கி, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என்னைக் காவலுக்குப் போட்டார்கள். கீழே சரிவில் எங்கள் லயம், வரிசையாக ஒட்டிக் கட்டிய கூலி வீடுகள். மண் சரியும், வேறு இடம் தருகிறோம் என்று சொல்லிச் சொல்லியே வருஷம் ஓடுகிறது.

பெரிய கல்

லண்டனிலிருந்து துரையின் வாரிசு ஒருவர் வந்தார். இருப்பதிலேயே பெரிய கல்லைக் கட்டிப்பிடித்து விம்மி விம்மி அழுதார். எனக்குப் பகீரென்றது. எழுத்தைப் பாசி மூடிய அந்தக் கல் துரை வளர்த்த நாய்க்கு வைத்தது. எல்ல டவுனிலிருந்து அவரைக் கூட்டிவந்த கைடு தம்பியின் காதில் சொன்னேன். அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"அழுது முடிக்கட்டும்க்கா. மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிச்சாருன்னா ரயில் போயிரும்."

விரிசல்

துரையம்மா கல்லில் மயிரிழை அளவு விரிசல். பதுளையிலிருந்து மரபுரிமை அதிகாரி வந்து, குனிந்து நிமிர்ந்து படம் எடுத்தே அரை நாளை ஓட்டினார். என் அடுத்த வீட்டு மல்லிகா கொழுந்துக் கூடையோடு நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

"சார், எங்க லயத்துச் சுவத்து வெடிப்புல கைய விட்டா அடுத்த வீட்டுக் கொழம்பத் தொட்டு ருசி பாக்கலாம். அதையும் மரபுரிமையில சேத்துக்குங்க."

மழை

போன ஐப்பசியில் அடைமழை. உடனே வெளியேறுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள், எங்கே என்று சொல்லவில்லை. கல்லறை மேடு பாறைமேல் இருக்கிறது. பத்துப் பேருக்கு மேல் உள்ளே விடக்கூடாது என்பது சட்டம். வேலை போனால் போகட்டும் என்று கேட்டைத் திறந்துவிட்டேன். கோழி, டிவி, தோசைக்கல் சகிதம் லயமே ஏறி வந்தது.

மறுநாள் அதிகாரி வந்தபோது துரையம்மா கல்மேல் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. கீழே எங்கள் அடுப்படிகள் மண்ணுக்குள். ஒரு உயிருக்கும் சேதமில்லை என்ற சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. "கேட்டைத் தெறந்தது யாரு?" என்றார் அதிகாரி. மல்லிகா முந்திக்கொண்டாள்.

"துரைதான் சார். நல்ல எடத்தையெல்லாம் நாமளே புடிச்சுக்கிட்டோமேன்னு அவருக்கே மனசு கேக்கல போல."

என் வேலை போகவில்லை, லயத்துக்கு வேறு இடமும் வரவில்லை. ஆகவே இப்போதைக்கு எங்கள் தோட்டத்தில் பத்திரமாக இருக்க வேண்டுமானால் ஒன்று துரை குடும்பத்தில் பிறந்து செத்திருக்க வேண்டும், இல்லையென்றால் கேட் சாவி வைத்திருக்கிற என்னோடு சண்டை போடாமல் இருக்க வேண்டும்.