ராசியான பேஸ்

கல்யாண ரிசப்ஷனில் பேஸ் கிடார் வாசிப்பவனை யாரும் பார்ப்பதில்லை. பாடுகிறவர்களைப் பார்ப்பார்கள், டிரம்ஸ்காரனைப் பார்ப்பார்கள், கீபோர்டில் புல்லாங்குழல் சத்தம் வந்தால் எட்டியும் பார்ப்பார்கள். ஒருமுறை குரோம்பேட்டை மண்டபம் ஒன்றில் ஒரு பெரியவர் சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்து, "தம்பி, இதுல ரெண்டு கம்பி அறுந்துபோச்சா?" என்று கேட்டார். இதற்கு நாலு கம்பிதான் என்றேன். பாவமாக என்னைப் பார்த்துவிட்டுப் பீடா எடுக்கப் போனார்.

எண்பதுகளில் தொடங்கிப் பதினைந்து வருஷத்துக்கு மேல் இதுதான் என் பிழைப்பு. தாம்பரத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் இருந்தேன். முகூர்த்த மாதங்களில் கல்யாணம், ஆடியில் அம்மன் கோயில், டிசம்பரில் ஏதாவது பள்ளி ஆண்டுவிழா. இடையில் ஏழு பேஸ் வாங்கி ஆறை விற்றிருக்கிறேன். எல்லாம் பழையது வாங்கிப் பழையதாக விற்றதுதான். புதுசு வாங்கும் யோக்கியதை எங்களில் எவனுக்கும் இருந்ததில்லை.

பழைய வாத்தியம் விற்பதில் ஒரு சங்கடம் உண்டு. வாங்க வருகிறவர் முதலில் கேட்பது மரம் என்ன, சத்தம் எப்படி என்றல்ல. "ஏன் விக்கறீங்க?" என்பதுதான். பணமுடை என்றால் ஒப்புக்கொள்வார். ஆனால் அவர் மனசுக்குள் இருக்கும் பயம் வேறு. இதை வாங்கியவனுக்குக் கச்சேரி வராமல் போயிருக்குமோ, கை விளங்காமல் போயிருக்குமோ என்று உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். அதனால் விற்கிற நாங்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவோம். "ராசியான பேஸ் சார் இது. இது கைக்கு வந்த நாள்லேர்ந்து ஒரு முகூர்த்தம்கூட சும்மா இருந்ததில்ல." ஆறு பேஸுக்கும் நான் இதைச் சொல்லியிருக்கிறேன். ஐந்து தடவை அது வெறும் வியாபாரப் பேச்சு.

ஆறாவது, கறுப்பு நிற பேஸ். பல்லாவரத்தில் ஒரு ரிசப்ஷன் முடிந்து சாமான் ஏற்றும்போது ஸ்பீக்கர் பெட்டி ஒன்று சரிந்து அதன்மேல் விழுந்தது. உறையைத் திறந்து பார்த்தால், கழுத்தும் தலையும் சேருகிற இடத்தில் குறுக்கே விரிசல். அங்கேயே உட்கார்ந்து அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். சிட்லபாக்கத்தில் தெரிந்த தச்சர் ஒருவர் பசை போட்டு இறுக்கிக் கட்டி ஒட்டிக் கொடுத்தார். பல்லாவரத்தில் தோல் பட்டறையில் வேலை பார்த்த ஒருவரிடம் செருப்புத் தோலுக்குப் பூசும் கறுப்புச் சாயம் வாங்கி நானே அதன்மேல் தடவினேன். விரலால் தடவினாலும் தெரியாது. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியாது.

ஆனால் முழு சுருதிக்குக் கம்பியை முறுக்கினால் ஒட்டு முனகும். அதனால் நாலு கம்பியையும் அரைக்கட்டை இறக்கி வைத்து, கழுத்தில் விரலை ஒரு கட்டம் தள்ளி வாசித்து ஒப்பேற்றினேன். அப்படியே ஒரு வருஷம் ஓடியது. அதற்குள் எங்கள் குழுவில் புதுக் கீபோர்டு வந்தது. குழு நடத்தியவர் என்னைக் கூப்பிட்டு, நல்ல பேஸாக ஒன்று வாங்கு, இல்லாவிட்டால் இனிமேல் கீபோர்டின் இடது கையே பேஸ் வாசித்துவிடும் என்றார். பதறிப்போனேன். கறுப்பை விற்றால்தான் வேறு வாங்க முடியும். ஒட்டுப் போட்டது என்று சொன்னால் விறகு விலைக்குக்கூடப் போகாது.

மேற்குத் தாம்பரத்தில் வாத்தியம் பழுது பார்க்கும் கடையில் சொல்லி வைத்தேன். பத்தாவது நாள் ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் கிளார்க். வயது நாற்பதுக்குப் பக்கம், தேய்த்த சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. இருபது வருஷமாக அவர் போகும் சர்ச்சில் பாடகர் குழுவுக்குப் பின்னால் நின்று நோட்டுப் புத்தகம் எடுத்துக் கொடுப்பதுதான் அவர் வேலையாம். குரல் கிடையாது. கிடார் மட்டும் தானாகக் கற்றுக்கொண்டிருக்கிறார். இந்தக் கிறிஸ்துமஸுக்குப் பேஸ் வாசிக்கிறாயா என்று குழு நடத்துகிறவர் கேட்டுவிட்டாராம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம் அதில்.

"ஏன் சார் விக்கறீங்க?" என்று கேட்டார்.

நான் என் பாட்டைப் பாடினேன். ராசியான பேஸ், கை வைத்தால் துலங்கும்.

அவர் சிரித்தார். "ராசி கீசியெல்லாம் நாங்க பாக்கறதில்ல சார்." கொஞ்ச நேரம் கம்பிகளைத் தடவிவிட்டு, "இருந்தாலும் கேக்க நல்லா இருக்கு," என்றார்.

தனியாக வாசித்துக் காட்டினேன். பக்கத்தில் வேறு வாத்தியம் இல்லாததால் அரைக்கட்டை இறங்கியிருப்பது அவருக்குத் தெரியவில்லை. போர்வையில் சுற்றிக் குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கிக்கொண்டு போனார்.

அடுத்த கச்சேரியில் எங்கள் டிரம்ஸ்காரன் கேட்டான். "இன்னா மச்சான், அந்த ஆளாண்ட ஒட்டு போட்டதச் சொன்னியா?"

"இல்ல."

"சர்ச்சுல ஆர்கன் கீதுடா. அவரு அதுக்குத் தோதா சுருதி ஏத்துவாரு. பேஜாராயிடும் பாரு."

எனக்கும் அது தெரியும். விற்ற அன்றைக்கே தெரியும். ராஜகீழ்ப்பாக்கம் பஸ்ஸில் இருபது நிமிஷம். போய், முழு சுருதிக்கு ஏற்றாதீர்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். போகவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு சாயங்காலம் கேரல் ஆராதனை. அதில் நடந்ததை இரண்டு நாள் கழித்து அவரே வந்து சொன்னார். அதே போர்வை, உள்ளே பேஸ் இரண்டு துண்டாக. மூன்றாவது பாட்டு வரை நன்றாகப் போயிருக்கிறது. பாட்டு முடிந்து எல்லோரும் தலை குனிந்து ஜெபிக்கும்போது, யாரும் தொடாமலே கழுத்து முறிந்து தலை முன்னால் தொங்கியிருக்கிறது. அந்தச் சத்தம் ஸ்பீக்கர் வழியாகச் சர்ச் முழுக்கக் கேட்டிருக்கிறது. ஒரு குழந்தை வீறிட்டு அழுதிருக்கிறது. பின்வரிசையில் யாரோ சிரித்திருக்கிறார்கள்.

அவர் என்னைத் திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்து, என்னென்ன சொல்லிப் பூசி மெழுகலாம் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் கைகூப்பினார்.

"மன்னிக்கணும் சார். எவ்ளோ ராசியா வெச்சிருந்த பொருள். எங்கிட்ட மூணு மாசம் தங்கல."

முறிந்த இடத்தைப் பார்த்தேன். மஞ்சளாகப் பழைய பசை, ஓரத்தில் கறுப்புச் சாயம் ஊறியிருந்தது. அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது மரத்தின் நிறம்.

இது முன்பே உடைந்ததுதான் சார். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

"இதுல உதவுற பாகம் ஏதாவது இருந்தா நீங்களே எடுத்துக்கோங்க சார். எனக்கு இனிமே எதுக்கு?" என்றார். அவர் போன பிறகு, கம்பியை முறுக்கும் நாலு கீயையும் கழற்றி எடுத்தேன். எடுத்தேன் என்பதை எழுதும்போது இப்போதும் என்மேல் அருவருப்பாகத்தான் இருக்கிறது. அவற்றை, கறுப்பை விற்ற காசில் வாங்கியிருந்த ஏழாவது பேஸில் மாட்டினேன். ஒவ்வொரு கச்சேரிக்கும் சுருதி சேர்க்கும்போது அவைதான் கையில் படும்.

அந்த ஏழாவது பேஸும் என்னைக் காப்பாற்றவில்லை. சில வருஷத்தில் கீபோர்டின் இடது கை என் வேலையைப் பார்க்க ஆரம்பித்தது. முகூர்த்த மாதத்தில் நாலு கச்சேரி இருந்தால் எனக்கு ஒன்று வரும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, பல்லாவரம் சந்தையில் பழைய ஒயர் தேடிக்கொண்டிருந்தேன். சாக்கு விரித்துப் பழைய ரேடியோ, மின்விசிறியெல்லாம் பரப்பியிருந்த இடத்தில் ஒரு சின்னக் கீபோர்டும் கிடந்தது. பத்துப் பன்னிரண்டு வயசுப் பெண் ஒருத்தி குந்தி உட்கார்ந்து அதில் வாசித்துக்கொண்டிருந்தாள். நாலைந்து கட்டை வேலை செய்யவில்லை. அவற்றைத் தாண்டித் தாண்டி ஒரு கீர்த்தனையைச் சரியாகவே வாசித்தாள். யாரும் சொல்லிக்கொடுத்த கையில்லை, ஆனால் நல்ல கை. பின்னாலிருந்து ஒருவர் அவள் தோளைத் தொட்டு எழுப்பினார்.

"போதும்மா, வா. நம்ம வீட்டுக்கு அது ஒத்துவராது."

சட்டைப் பையில் இரண்டு பேனா. தலை நரைத்திருந்தது. அவள் எழுந்தாள், எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. இது முதல் தடவை இல்லை என்று அதிலேயே தெரிந்தது.

என்னால் சும்மா நிற்க முடியவில்லை. குறுக்கே போய் நின்று, நான் யார் என்று சொன்னேன். நினைவிருக்கிறது என்று சிரித்தார். அப்படியே எல்லாவற்றையும் கொட்டினேன். ஸ்பீக்கர் பெட்டி விழுந்தது, தச்சர் ஒட்டியது, செருப்புச் சாயம், அரைக்கட்டை, எல்லாம். "உங்க கை ஒண்ணும் பண்ணல சார். தெரிஞ்சே உங்க தலையில கட்டினேன். பொண்ண வாசிக்க விடுங்க."

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"இத்தன வருஷம் கழிச்சும் என் மனசு நோகக் கூடாதுன்னு உங்க மேலயே பழியப் போட்டுக்கறீங்களே சார். இந்த மனசு யாருக்கு வரும்?"

"சத்தியமா சொல்றேன் சார்..."

"சத்தியமெல்லாம் பண்ணாதீங்க. ராசின்னு நாங்க சொல்லக்கூடாது. தேவனுக்குச் சித்தமில்ல, அவ்ளோதான்." பிறகு மகளிடம் திரும்பினார். "அங்கிளுக்கு தேங்க்ஸ் சொல்லும்மா."

அந்தப் பெண் சாக்கின் மேல் கிடந்த கீபோர்டை ஒருதரம் பார்த்துவிட்டு, எனக்கு தேங்க்ஸ் சொன்னாள்.