மணமேடை ஏறிய நைட்டி

போன தை மாதம், ஊட்டி பெர்ன்ஹில்லில் இருக்கும் என் தையல் கடையில் நடந்தது இது. கேத்தியிலிருந்து ஒரு கல்யாணப் பெண் பட்டுச்சேலையோடு வந்தாள். ரவிக்கையின் முதுகில் இலை இலையாக ஓட்டை வெட்டி, ஓரத்தில் எம்பிராய்டரி வேண்டுமாம். லேசரில் வெட்டினால் பட்டின் ஓரத்தில் நூல் அவ்வளவாகப் பிரியாது என்று யூடியூபில் பார்த்திருந்தேன். பிறகென்ன, எனக்குள் இருந்த விஞ்ஞானி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்!

டவுனில் மரப்பலகையில் பெயர் வெட்டித் தருபவரிடம் லேசர் மிஷின் இருந்தது. அவர் துணி வெட்டியதில்லை. நான் லேசரைத் தொட்டதில்லை. நல்ல ஜோடி! முதலில் துண்டுத் துணிகளில் பழகினோம். பட்டு பொசுங்கி முடி கருகியதுபோல் வந்த நாற்றத்தில், யார் தலையாவது தீப்பிடித்துக்கொண்டதா என்று பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஒருவழியாகச் சூடு சரியானதும், சேலையோடு வந்த ரவிக்கைத் துணியை மேசையில் மடித்து வைத்தேன். தையல்காரர்கள் எதையும் மடித்துப் போட்டுத்தான் வெட்டுவோம், கைப்பழக்கம்.

"ஏனுங்க, துணி ரெண்டு மடிப்பா இருக்குதுங்களே?" என்றார் அவர்.

"இருவது வருசமா துணி வெட்டறனுங்க. நீங்க பட்டனை அமுத்துங்க."

அமுக்கினார். தூக்கிப் பார்த்தால், முதுகுக்குக் கீழே மடிந்திருந்த முன்பக்கத்திலும் அதே ஒன்பது இலை ஓட்டை! அந்தச் சேலைக்கு வேறு ரவிக்கைத் துணி கிடையாது. கல்யாணத்துக்கோ நான்கே நாள்.

மிஷின் கோளாறு, அந்த ஆள் சரியில்லை என்று பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். ஆனால் மறுநாள் அந்தப் பெண், "அக்கா, ரெடிங்களா?" என்று சிரித்தபடி நுழைந்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்து, உண்மையை முழுசாகக் கொட்டிவிட்டேன்.

அவள் துணியைத் தன்மேல் வைத்துக் கண்ணாடியில் பார்த்தாள். முகம் வாடிப் போனது. அப்புறம் திடீரென்று சிரிப்பு. "விடியக்காலம் அஞ்சரை மணி முகூர்த்தமுங்கக்கா. அந்தக் குளிர்ல முதுகுல ஓட்டை எதுக்குடின்னு அம்மா தெனமும் திட்டுது. உள்ள கதகதப்பா ஃபிளானல் துணி வெச்சு எல்லாத்தையும் அடைச்சுருங்க!"

சேலைக்கரைக்குப் பொருந்தும் மெரூன் ஃபிளானல் கடைத்தெருவில் எங்கும் இல்லை. என் புது நைட்டியில்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கத்தரி வைத்தேன். ஓட்டைகளுக்குப் பின்னால் மெரூன், சுற்றிலும் தங்க நூல் எம்பிராய்டரி.

கல்யாணத்தில் மாப்பிள்ளை வெடவெடவென்று நடுங்கினார். பெண் ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள். "இதென்ன புது டிசைனுங்க?" என்று சொந்தக்காரப் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். நைட்டி விஷயத்தை மட்டும் நான் மூச்சுவிடவில்லை.

அன்று மிஷின்மேல் பழியைப் போட்டிருந்தால், அவளும் என்னோடு சேர்ந்து மிஷினைத் திட்டியிருப்பாள், ரவிக்கை ஓட்டையாகவே கிடந்திருக்கும். தப்பை ஒப்புக்கொண்டதால்தான் அதைச் சரிசெய்ய எனக்கு ஒரு துணை கிடைத்தது என்று இன்றைக்கும் கொஞ்சம் வெட்கத்தோடு நினைத்துக்கொள்கிறேன்.