சோதனை அழைப்பு

ஜார்ஜ்டவுனில் ஒரு தொலைபேசி நிறுவனத்தில் எனக்கு வேலை. அழைப்புகளுக்கு வழிகாட்டும் சிக்னலிங் கேட்வே என்ற பெட்டியில், எந்த முகவரியிலிருந்து வருவதை உள்ளே விடலாம், எதைத் தடுக்கலாம் என்று அமைத்துக் கொடுப்பேன். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் யாரையாவது அழைத்துப் பார்த்து, குரல் கேட்கிறதா என்று படிவத்தில் எழுதி வைக்க வேண்டும். சிம்பாங் அம்பாட்டில் தனியாக இருந்த அம்மாவைத்தான் எப்போதும் அழைப்பேன். முதல் மணியிலேயே எடுத்துவிடுவார்.

“டெஸ்ட்டாப்பா? நல்லா கேக்குது. வெச்சிடு லா, உனக்கு வேலை இருக்கும்.”

அன்று காலை புதிய தடுப்பு விதிகளைப் போட்டுவிட்டு அழைத்தேன். அம்மா வைக்கச் சொல்லவில்லை.

“கேக்குதுப்பா. காலையிலேர்ந்து எனக்கு ஒரு மாதிரியா...”

“அம்மா, இது டெஸ்ட்டுமா. முடிச்சிட்டு கூப்பிடுறேன் லா,” என்று துண்டித்தேன். அந்தப் பெட்டி இல்லாவிட்டால் உலகமே நின்றுவிடும் என்பதுபோல எனக்கு அவசரம்.

மதியம் பக்கத்து வீட்டு அக்கா அழைத்தபோதுதான், நான் திரும்பக் கூப்பிடவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அதற்குள் அம்மா போய்விட்டிருந்தார்.

மறுவாரம் வேலைக்குத் திரும்பியபோது அன்றைய சோதனைப் படிவம் மேசையிலேயே கிடந்தது. அம்மாவின் எண்ணுக்கு நேரே என் கையெழுத்தில் இருந்தது: “இரு பக்கமும் குரல் தெளிவாகக் கேட்கிறது.”