அவர்கள் இருவரும் எஞ்சினைக் கிளப்பிய காலை

என் கணவர் எஞ்சின் படகு வாங்குவதற்காக விற்ற காளைகள், என் அண்ணன் எனக்குச் சீராகக் கொடுத்தவை. அதில்தான் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. "நான் குடுத்த மாட்டை வித்து ஆத்துல எண்ணெய் ஊத்தறானா?" என்று அண்ணன் சந்தையில் நாலு பேர் காதுபடச் சொல்ல, அதை யாரோ கொண்டுவந்து இவரிடம் சேர்க்க, "அவரு ஊட்டு வாசப்படிய இனி மிதிக்கமாட்டேன்" என்று இவர் சொல்லிவிட்டார்.

அப்போது எங்கள் காவிரிக்கரை வேலூர்ப் பக்கம் ஆற்றுக்குப் பாலம் கிடையாது. அக்கரைக்குப் போவதென்றால் பரிசல், இல்லாவிட்டால் எங்கள் படகு. அண்ணியின் ஊர் அக்கரையில். அங்கே போக அண்ணன் எப்போது வந்தாலும் பரிசலில்தான் போவார். எங்கள் வீடு கரைமேலேயே இருந்ததால், அவருடைய தலைப்பாகை ஆற்றில் சுற்றிச் சுற்றிப் போவதை அடுப்படியிலிருந்தே பார்ப்பேன். அவர் ஒருநாளும் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பியதில்லை.

எஞ்சின், படகின் நடுவில் ஒரு பலகைப் பெட்டிக்குள் இருந்தது. சூடாக இருக்கும்போது சொன்னபடி கேட்கும். விடியலில் குளிர்ந்து கிடக்கும்போது அதைக் கிளப்ப இரண்டு பேர் வேண்டும். கார்புரேட்டர் காற்று இழுக்கும் வாயை மூட ஒரு தகடு இருந்திருக்கிறது. எங்களிடம் வரும்போதே அது உடைந்துபோயிருந்தது. அதனால் ஒருவர் கைப்பிடியைச் சுற்ற, இன்னொருவர் அந்த வாயை உள்ளங்கையால் பொத்திக்கொள்ள வேண்டும். காற்றுக் குறைந்தால் பெட்ரோல் கூடுதலாக ஏறும். எஞ்சின் பிடித்த உடனே கையை எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் மூச்சு முட்டி நின்றுவிடும். தினமும் அந்தக் கை என்னுடையதுதான். சோறு பிசையும்போதுகூட பெட்ரோல் வாசனை போகாது.

ஒரு ஐப்பசியில் இரவெல்லாம் மழை கொட்டித் தீர்த்தது. காலையில் அண்ணனும் அண்ணியும் நனைந்தபடி வந்து கரையில் நின்றார்கள். அக்கரையில் அண்ணியின் அம்மா இறந்துபோயிருந்தார். ஆற்றில் இழுப்பு அதிகம். பரிசல்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

இவர் கரையிறங்கிப் போனார். படகின் மேலிருந்த தார்ப்பாயை நீக்கினார். எஞ்சினின் பிளக்குகள் ஈரத்தில் ஊறியிருந்தன. கழற்றி என்னிடம் கொடுத்தார். அடுப்பில் காய வைத்து, துணியில் சுற்றிச் சூட்டோடு கொண்டுவந்து கொடுத்தேன். அண்ணி அழுதபடி படகின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். என் இடுப்பில் பிள்ளை இருந்தான். அவனை அண்ணியிடம் கொடுத்துவிட்டு நான் ஏறியிருக்கலாம். ஏறவில்லை.

"இடுப்புல புள்ளை இருக்கறான். அண்ணா, நீ போய்ப் பொத்திக்க" என்றேன்.

அண்ணன் எஞ்சின் அருகில் போய்க் குனிந்தார்.

"கையை வெக்கச் சொல்லு" என்றார் இவர், என்னைப் பார்த்து.

"எங்க வெக்கோணும்னு கேளு" என்றார் அண்ணன், அவரும் என்னைப் பார்த்து.

அண்ணி நிமிர்ந்தார். "எங்கம்மா அங்க கெடக்கறாங்க. நீங்க ரெண்டு பேரும் நேராப் பேசிக்கிட்டா என்னங்க?"

இவர் விரலால் இடத்தைக் காட்டினார். அண்ணன் பொத்தினார். இவர் சுற்றினார். எஞ்சின் இருமியது, அடங்கியது. மறுபடி சுற்றியபோது சடாரென்று திருப்பி உதைத்தது. கைப்பிடி இவருடைய மணிக்கட்டில் அடித்தது.

"மாப்ள! கை என்னாச்சுங்க?"

அண்ணன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்து அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒடியலீங்க மச்சான். பொறி முந்தி விழாம இருக்கக் கம்பியப் பின்னால தள்ளோணும், மறந்துட்டேன். அதான் ஒதைச்சுருச்சு."

"இப்படிக் குடுங்க. நான் சுத்தறேன்."

"பெருவிரலை உள்ள மடக்காதீங்க மச்சான். வெளியவே வெச்சுக்குங்க. திருப்பி அடிச்சா விரல் போயிரும்."

அண்ணனுடைய தோளில் ஏர் பிடித்த பலம் இருந்தது. ஆனாலும் பிடிக்கவில்லை. பெட்ரோல் அதிகமாகிவிட்டது, சற்று ஆறட்டும் என்றார் இவர். இருவரும் முழங்கால் இடிக்க, பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தார்கள்.

"நிறையக் குடிக்குமா இது?" என்று அண்ணன் கேட்டார்.

"உங்க மாட்டைவிடக் கொஞ்சம் கூடத்தானுங்க."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவுக்குப் போகிறோம் என்ற நினைவு வந்ததும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. இவரும் தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

அண்ணி அழுதுகொண்டிருக்கும்போது அப்படி நினைத்திருக்கக் கூடாது. ஆனாலும் நினைத்தேன்: இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்காமல் இருக்கட்டும்.

அடுத்த சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. இவர் கையை எடுத்தார். எஞ்சின் அலறிக்கொண்டு ஓடியது. அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்காது. படகு கரையை விட்டு நகரும்போது அண்ணன் இவர் பக்கம் குனிந்து என்னவோ சொன்னார். வாய் அசைந்ததுதான் தெரிந்தது. இவர் காதைக் காட்டினார். அண்ணன் மறுபடி சொன்னார். அதற்குள் படகு நடு ஆற்றுக்குப் போய்விட்டது.

திரும்பி வந்தவரிடம் கேட்டேன். "கேக்கலை. அந்தக் கரையில எறங்கறதுக்குள்ள ஒப்பாரி வெச்சுக் கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றார்.

காரியமெல்லாம் முடிந்து அண்ணன் திரும்பும்போது தண்ணீர் வடிந்திருந்தது. இவர் அக்கரைக்குச் சவாரி போயிருந்த நேரத்தில் பரிசலில் வந்து இறங்கினார். என் வீட்டுப் பக்கம் கையை உயர்த்திக் காட்டிவிட்டு, அண்ணியோடு வண்டியேறிவிட்டார். தீபாவளிக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். தீட்டு என்று வரவில்லை. பொங்கலுக்கு நாங்கள் போகலாம் என்று இவரே சொன்னார். அப்போது பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தது. பிறகு யுத்தத்தில் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்தது. படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டோம். எஞ்சினை எருமப்பட்டிப் பக்கம் ஒருவர் கிணற்றில் வைக்க வாங்கிப்போனார். அந்தக் கோடையில் அண்ணன் காய்ச்சலில் போய்விட்டார்.

இவர் வாசப்படியை மிதித்தது அன்றுதான். மாப்பிள்ளை முறைக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் குறைவில்லாமல் செய்தார். திரும்பி நடந்து வரும்போது வழியில் அவராகவே ஆரம்பித்தார்.

"அன்னைக்கு எஞ்சினை அமத்திட்டு என்னன்னு கேட்டிருக்கலாம். அமத்துனா மறுபடியும் புடிக்காதோன்னு பயந்துட்டேன்."

அக்கரையில் நிறுத்தியபோதாவது கேட்டிருக்கலாமே என்று என் நாக்கு நுனிவரை வந்தது. நான் கேட்கவில்லை. அவர் நடந்த விதத்தைப் பார்த்தால், அதை அவரே கேட்டுக்கொண்டு வருவதுபோலத்தான் இருந்தது.