கடைசி வளைவில் ஹாரன்

என் கணவரும் எங்கள் நாயும் ஒரே ஜாடை என்று வாசலூர்பட்டியில் எல்லோரும் சிரிப்பார்கள். இருவருக்கும் தொங்கிய கன்னம். மூக்குக்கு மேல் கோபம் வரும். எனக்கு எரிச்சலாக இருக்கும். மனிதனுக்கும் நாய்க்கும் என்ன ஜாடை?

அவர் இறந்த பிறகும், அவர் வேலை முடிந்து வரும் சாயங்கால பஸ்ஸுக்கு நாய் போய்விடுகிறது. அதைக் கூட்டிவர நானும் போய் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன்.

நேற்று டீக்கடைக்கார அம்மா சொன்னார்: "ஏனுங்க, இப்ப அது உங்களாட்டவே ஆயிருச்சுங்க. வளைவுல ஹாரன் கேட்டதும் ரெண்டு பேரும் ஒண்ணா எந்திரிக்கிறீங்க."

"நாயைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றேன் வெடுக்கென்று.

பஸ் வந்தது. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். நாய் வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தது. நான் காலிப் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.